எலியைக் கேட்காமல்

ஒரு ரசாயனம் புற்றுநோயை உண்டாக்குமா என்று எலியை வைத்துக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகும். உலகெங்கும் பின்பற்றப்படும் ஓஇசிடி அமைப்பின் 451-ஆம் வழிகாட்டியின்படி ஒரு குழுவுக்கு ஆண் எலி 50, பெண் எலி 50. வெவ்வேறு அளவுகளில் ரசாயனம் பெறும் மூன்று குழுக்கள், எதுவும் பெறாத ஒரு குழு. கூட்டினால் 400. எலியில் ஒரு முறை, சுண்டெலியில் ஒரு முறை என்று இரண்டு இனங்களில் செய்தால் 800. அவற்றின் ஆயுளில் பெரும்பகுதிக்கு அந்த ரசாயனத்தைத் தீவனத்திலோ தண்ணீரிலோ கலந்து கொடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் கொன்று, உறுப்பு உறுப்பாக ஸ்லைடு போட்டுப் பார்க்க வேண்டும். சந்தையில் இருக்கும் பல்லாயிரம் ரசாயனங்களுக்கும் இதைச் செய்து முடிக்க எந்த நாட்டாலும் ஆகாது. யாரும் செய்யவும் இல்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னை முதலில் விலங்குக் கூடத்தில்தான் விட்டார்கள். இரண்டு ஆண்டுச் சோதனை எங்களிடம் இல்லை. சின்னச் சோதனைகள்: சுண்டெலிக்கு மருந்து கொடுத்து, எலும்பு மஜ்ஜையை எடுத்து, மரபணுச் சேதம் இருக்கிறதா என்று பார்ப்பது. கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் வயதில் மூத்தவர். எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் கூண்டுகளுக்கு அட்டை எழுதிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, இந்த மருந்துக்கு ஏற்கெனவே செல்லுல பாத்தாச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு மறுபடி எலி?"

பார்த்திருந்தார்கள்தான். வெளியே வேறோர் ஆய்வகத்தில் செய்த செல் சோதனை அறிக்கை 'பாசிட்டிவ்' என்று வந்திருந்தது. செல்லில் பாசிட்டிவ் வந்தால் அது உடம்புக்குள்ளும் நடக்கிறதா என்று விலங்கில் உறுதி செய்யச் சொல்வது வழக்கம். சுண்டெலிகளில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அந்த அறிக்கையின் மூலப் பதிவுகளை வாங்கிப் படித்தபோது காரணம் புரிந்தது. ரசாயனத்தைச் சேர்த்ததும் செல் வளர்ப்பு ஊடகத்தின் அமிலத்தன்மை கூடிவிட்டது, யாரும் அதைச் சரிசெய்யவில்லை. அமிலம் ஏறினாலே குரோமோசோம் உடையும். அதற்குப் புற்றுநோயோடு சம்பந்தமே இல்லை. ஒரு பிஹெச் அளவைப் பார்க்காததற்காக அத்தனை சுண்டெலிகள் செத்தன.

அந்த வாரமே செல் அறைக்கு மாற்றல் கேட்டேன். விலங்கில்லாத சோதனை என்று நாம் சொல்வதை அரைகுறையாகச் செய்தால் அது விலங்கைக் காப்பாற்றாது, கூடுதலாகக் கொல்லும். நான் பின்னால் செய்த வேலை எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது ஏம்ஸ் சோதனை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் 1970-களில் உருவாக்கியது. சால்மொனெல்லா பாக்டீரியாவின் சில வகைகளுக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தாமாகச் செய்துகொள்ளும் மரபணு பழுதாகியிருக்கும். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அவை வளராது. ரசாயனம் டிஎன்ஏவைக் குலைக்கும் வகையாக இருந்தால், அந்தக் குலைப்பில் தற்செயலாகச் சில பாக்டீரியாக்களின் பழுது சரியாகி, அவை பெருகிக் காலனியாகும். 37 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு எண்ண வேண்டியதுதான். ஒரு தட்டில் ஏறக்குறைய 10 கோடி பாக்டீரியா இருப்பதால், மிக அரிதாக நடக்கும் மாற்றமும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டிஏ 98, டிஏ 100, டிஏ 102 என்று ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமான சேதத்தைக் காட்டும். டிஏ 100 ஒன்றும் செய்யாமலே நூறு காலனியாவது கொடுக்கும். அந்த இயல்பான எண்ணிக்கை மாதாமாதம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாதவர் கையில் இந்தச் சோதனையைக் கொடுக்கக் கூடாது.

ஏம்ஸ் இந்த பாக்டீரியாக்களை விற்கவில்லை. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அனுப்பிக் கொடுத்தார். இந்தச் சோதனை உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

பாக்டீரியாவை நம்பி மனித உயிரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஜப்பான் கதையைச் சொல்வேன். ஏஎஃப்-2 என்றொரு பதப்படுத்தும் பொருளை 1965-இல் அங்கே உணவில் சேர்க்க அனுமதித்தார்கள். டோஃபுவிலும் மீன் சாசேஜிலும் போட்டு, நாடே தின்றது. அதற்கு முன்பு செய்த விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் தெரியவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பாக்டீரியா சோதனையில் அது மிகக் கடுமையாக டிஎன்ஏவைத் தாக்குவது தெரிந்தது. மறுபடி கவனமாகச் செய்த விலங்குச் சோதனைகளில் புற்றுநோயும் வந்தது. 1974-இல் தடை செய்தார்கள். எலி பார்க்கத் தவறியதை ஒரு தட்டு பார்த்தது.

ஆனால் பாக்டீரியாவுக்குக் கல்லீரல் கிடையாது. பல ரசாயனங்கள் வாயில் போடும்போது சாதுவாக இருந்து, கல்லீரலின் நொதிகள் அவற்றை மாற்றும்போதுதான் விஷமாகும். அதனால் தட்டில் எஸ்-9 என்றொரு கல்லீரல் சாற்றைச் சேர்ப்போம். கல்லீரலை அரைத்து, 9000 ஜி விசையில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிவை எடுப்பது. ஒவ்வொரு ரசாயனத்தையும் எஸ்-9 உடன் ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை பார்ப்போம். இந்த இரண்டு வரிசைத் தட்டுகளையும் அருகருகே வைத்துப் படிப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த வேலை.

2018-இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் என்டிஎம்ஏ என்ற நைட்ரோசமைன் கலந்திருப்பது தெரிந்து, பல நாடுகளில் மாத்திரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு ரானிடிடினிலும் அதே பிரச்சினை. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டையே இருக்கிறது. அந்த ஆண்டுகளில் மருந்துத் தயாரிப்பில் இருந்த யாரைப் பார்த்தாலும் நைட்ரோசமைன் பற்றித்தான் பேச்சு. என்டிஎம்ஏவை எஸ்-9 இல்லாத தட்டில் போட்டால் ஒன்றும் தெரியாது. வழக்கமான எலிக் கல்லீரல் சாற்றை வழக்கமான முறையில் சேர்த்தாலும் சரியாகப் பிடிபடாது. ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கின் கல்லீரல் சாற்றை 30 விழுக்காடு சேர்த்து, பாக்டீரியாவையும் ரசாயனத்தையும் அதில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதன் பிறகு தட்டில் ஊற்றினால்தான் காலனிகள் தெளிவாக எழும். நைட்ரோசமைன்களுக்கு இப்போது இப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள்.

குரோமியம் இதற்கு நேர்மாறு. குரோம்பேட்டையில் வளர்ந்தவள் நான். அந்த ஊருக்குப் பேர் வந்ததே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால். தோலைப் பதப்படுத்தும் மூன்று இணைதிறன் குரோமியம் செல்லின் சவ்வைத் தாண்டுவதே கடினம். ஆறு இணைதிறன் குரோமியமான குரோமேட், பார்ப்பதற்கு சல்பேட் போலவே இருப்பதால் செல் ஏமாந்து அதை உள்ளே விட்டுவிடும். உள்ளே போய் அது மூன்றாக மாறும்போது டிஎன்ஏ சேதமாகும். ஏம்ஸ் தட்டில் எஸ்-9 இல்லாமல் போட்டால் காலனி கொத்துக் கொத்தாக வரும். எஸ்-9 சேர்த்தால் குறைந்துவிடும், ஏனென்றால் கல்லீரல் சாறு குரோமேட்டை வெளியிலேயே மாற்றி முடக்கிவிடுகிறது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மலையாகக் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததைத் தமிழ்நாட்டில் பலரும் படித்திருப்பார்கள். குரோமேட் தூசியை மூச்சில் இழுக்கும் தொழிலாளிக்கு நுரையீரல்தான் முதலில் வாங்குகிறது, கல்லீரல் இல்லை. அந்த இரண்டு வரிசைத் தட்டுகளும் சொல்வது அதைத்தான்.

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கும் வட்டாரம் இது. அதனால் மூலிகைச் சாறுகளின் பாதுகாப்புப் பற்றியும் அடிக்கடி கேட்பார்கள். தாவரச் சாற்றில் இயல்பாகவே ஹிஸ்டிடின் இருக்கும். அதைத் தட்டில் ஊற்றினால் பழுது சரியாகாத பாக்டீரியாவுக்கும் சாப்பாடு கிடைத்து, பின்னணிப் படலம் தடித்து, காலனி எண்ணிக்கையும் ஏறும். அனுபவமில்லாதவர் பாசிட்டிவ் என்று எழுதிவிடுவார். நல்ல மருந்து ஒன்றுக்குக் கெட்ட பெயர் வரும், பின்னாலேயே எலிகளும் வரும். இப்படிப்பட்ட சாறுகளுக்கு பாக்டீரியாவை முதலில் ரசாயனத்தோடு வைத்திருந்து, பிறகு கழுவிவிட்டுத் தட்டில் ஊற்ற வேண்டும். வெங்காயத்தில் இருக்கும் குவர்செட்டின்கூட ஏம்ஸில் பாசிட்டிவ்தான். அதற்காக யாரும் வெங்காயத்தைத் தடை செய்யவில்லை. ஒரு தட்டின் பதில் ஒரு கேள்விக்கான பதில் மட்டுமே.

அடுத்த கேள்வியை மனிதச் செல்லிடம் கேட்கிறோம். நுண்கருச் சோதனை என்று பெயர். செல் பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டோ, வழிதவறிய முழுக் குரோமோசோமோ தனியே சுருண்டு, பெரிய கருவின் பக்கத்தில் சின்னக் கருவாக நிற்கும். ரத்தம் கொடுக்கிறவர்கள் 18 முதல் 35 வயதுக்குள், புகைபிடிக்காதவர்களாக இருக்க வேண்டும். எங்களுக்கு ஆய்வகத்து இளைஞர்களும் அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். ராஜ்மாவிலிருந்து எடுத்த ஒரு புரதத்தால் வெள்ளணுக்களைத் தூண்டிப் பிரியவைத்து, ரசாயனத்தைச் சேர்த்து, சைட்டோகலாசின்-பி போட்டால் கரு இரண்டாகும், செல் இரண்டாகாது. அந்த இரட்டைக் கருச் செல்களை ஜீம்சா சாயத்தில் பார்த்து, ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது 2000 எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்கு எந்த ஸ்லைடு எது என்று தெரியக்கூடாது. எல்லாவற்றுக்கும் குறியீடு ஒட்டியிருக்கும். பாக்கில் இருக்கும் அரிகோலினை வைத்து இந்தச் சோதனையைப் பயிற்சிக்காகச் செய்யவைப்பேன். நம் வீட்டுப் பெரியவர்கள் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த பொருள், தன் வயதுக்காரர் ஒருவரின் ரத்த அணுவில் என்ன செய்கிறது என்று பார்த்தபின் அந்தப் பிள்ளைகள் பாக்கைத் தொட மாட்டார்கள்.

முன்பெல்லாம் இதற்குச் சீன ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து 1957-இல் வளர்க்கத் தொடங்கிய சிஹெச்ஓ செல்களைத்தான் எடுப்போம். வளர்க்க எளிது. ஆனால் அவற்றில் பி53 என்ற காவல் மரபணு சரியாக வேலை செய்யாது. சின்னத் தொந்தரவுக்கெல்லாம் உடைந்து காட்டும். 2005-இல் டேவிட் கர்க்லண்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட கணக்கு எங்கள் துறையையே உலுக்கியது: எலிகளில் புற்றுநோய் தராத ரசாயனங்களில் 75 முதல் 95 விழுக்காடு வரை, செல் சோதனைத் தொகுப்பில் ஏதாவது ஒன்றில் பாசிட்டிவ் காட்டின. அண்ணன் கேட்ட கேள்வியின் உலகளாவிய வடிவம் அது. அதன் பிறகுதான் மனித ரத்த அணுக்களுக்கும், ஒரு சிறுவனின் மண்ணீரலிலிருந்து வந்த வம்சத்தில் பிறந்த டிகே6 செல்களுக்கும் நாங்கள் மாறினோம். பி53 நன்றாக இருக்கும் செல் பொய்யாகக் கத்துவது குறைவு.

வெளிநாட்டு நெறிமுறைப் புத்தகங்களில் இல்லாத ஒன்றை இந்த ஊரில் செய்கிறவர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டருக்குச் சூடாக்கத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. மே மாதத்தில் இரவுக் காவலாளி போன் செய்வார்: "மேடம், கரண்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர் ஓடுது, ஆனா ஏசி வரல." ஜெனரேட்டர் வரிசையில் ஏசியைச் சேர்க்காமல் விட்டுவிடுவது பல கட்டடங்களில் வழக்கம். அறை 36 டிகிரியைத் தொட்டால் உள்ளே 39 ஆகிவிடும். செல் சாகாது; நோஞ்சானாகும், அடுத்த நாள் நுண்கரு கூடுதலாகக் காட்டும். வெப்பப் பதிவில் அப்படி ஓர் ஏற்றம் இருந்தால் அந்தச் சோதனை முழுவதையும் தள்ளிவிடுவோம், எண்கள் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. காற்றில் பூஞ்சை விதைகள் ஏறி, திறந்த பிளாஸ்க்கில் இறங்கும்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்யத் தொடங்கி, மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. இன்குபேட்டரில் இருந்த செல்கள் எல்லாம் போய்விட்டன. திரவ நைட்ரஜன் கலனுக்கு மின்சாரம் வேண்டாம் என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது. மைனஸ் 196 டிகிரியில், மூடியைத் திறக்காமல் விட்டால் வாரக்கணக்கில் தாங்கும். யாரும் திறக்காதபடி அதன் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டு, நைட்ரஜன் வண்டி வரும் வழி வடியும்வரை காத்திருந்தோம். உருக்கி எடுத்த டிகே6 செல்கள் பழைய வேகத்துக்கே திரும்பின. அன்று முதல் ஒவ்வொரு செல் வகைக்கும் இரண்டாவது தொகுதியை வேறு கட்டடத்தில், வேறு கலனில் வைக்கிறோம்.

விலங்குகளைக் காக்கும் விஷயத்தில் தென் சென்னைக்கு ஒரு பழைய உரிமை உண்டு. திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை நடத்திய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைக்கு எதிராகக் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி திறந்தது. முடிந்த இடத்தில் எல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நெடுங்காலம் அதன் அலுவலகம் சென்னையில்தான் இருந்தது. பிறகு 2009-இல் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அக்பர்ஷா தலைமையில் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையம் வந்து, மாற்று முறைகளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. 2014-இல் அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை இந்தியா தடை செய்தது. 2023-இல் புது மருந்து விதிகளைத் திருத்தி, செல் சார்ந்த முறைகளுக்கும் இடம் கொடுத்தது. மனித மருந்துகளைப் பொறுத்தவரை, போதிய சான்று இருந்தால் எலியில் இரண்டு ஆண்டுச் சோதனை வேண்டாம் என்று 2022-இல், மருந்து விதிகளை நாடுகளுக்கிடையே ஒத்திசைக்கும் ஐசிஹெச் அமைப்பின் எஸ்1பி வழிகாட்டியும் திருத்தப்பட்டது. கதவுகள் திறந்துவிட்டன. அந்தப் போதிய சான்றைத் தருவது எங்களைப் போன்றவர்களின் பொறுப்பு.

அதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. புற்றுநோய் தரும் எல்லாப் பொருளும் டிஎன்ஏவை நேரடியாகத் தாக்குவதில்லை. சில, ஏற்கெனவே தடம் மாறிய செல்லைப் பெருகச் சொல்லித் தூண்டிவிடும். ஆர்செனிக் ஏம்ஸில் ஒன்றும் காட்டாது. இவற்றைப் பிடிக்க பாஸ்-42 என்ற சுண்டெலிச் செல்லை வளர்க்கிறோம். ராஸ் என்ற புற்றுநோய் மரபணுவை ஏற்கெனவே நுழைத்து வைத்த செல் அது. மூன்று வாரம் வளர்த்தால், தூண்டும் பொருள் பட்ட இடத்தில் செல்கள் ஒழுங்கு மறந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவியும். சாயமிட்டால் கருநீலத் திட்டு. எது திட்டு, எது வெறும் நெரிசல் என்று இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லப் பழகுவதற்கே மாதங்கள் ஆகும். ஓஇசிடி இதற்கு 2016-இல் வழிகாட்டு ஆவணம் வெளியிட்டது. முழுமையான சோதனை வழிகாட்டியாக இன்னும் ஏற்கவில்லை. என் கருத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. இன்னும் பல ஆய்வகங்களிலிருந்து ஒத்துப்போகும் எண்கள் வேண்டும்.

எங்கள் புட்டிகளுக்குள்ளும் விலங்கு இருக்கிறது. எஸ்-9 எலியின் கல்லீரல். செல்களுக்கு ஊட்டும் சீரம், சினைப்பசுவை வெட்டும்போது வயிற்றுக் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. இதை மறைத்துவிட்டு விலங்கில்லாச் சோதனை என்று விளம்பரம் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மனிதக் கல்லீரல்களிலிருந்து சேர்த்த எஸ்-9 கிடைக்கிறது. சில ரசாயனங்களுக்கு எலிச் சாற்றைவிடச் செயல் குறைவாக இருக்கிறது, ஆனால் மனிதரைப் பற்றிய கேள்விக்கு அதுதான் நேர்மையான சாறு. சீரத்துக்கு மாற்றாக, ரத்த வங்கிகளில் காலாவதியாகும் தட்டணுக்களிலிருந்து எடுக்கும் சாற்றை முயன்றுவருகிறோம். டிகே6 அதில் நன்றாகவே வளர்கிறது. பாஸ்-42 முரண்டு பிடிக்கிறது. திட்டுகளின் எண்ணிக்கை தொகுதிக்குத் தொகுதி மாறுகிறது. பழைய சீரத்திலும் புதிய சாற்றிலும் ஒரே ரசாயனத்தை, ஒரே நாளில், ஒரே கையால் போட்டு, இரண்டு எண்களையும் ஒரே பதிவேட்டில் எழுதுகிறோம். இரண்டும் தொடர்ந்து ஒத்துவரும் வகைகளுக்குக் கன்றின் சீரத்தை நிறுத்தியாயிற்று. பாஸ்-42க்கு இன்னும் நிறுத்தவில்லை. எண்கள் ஒத்துவராமல் நிறுத்தினால், தவறான பாசிட்டிவ் ஒன்று வந்து யாரோ ஒருவர் மறுபடி சுண்டெலிக் கூண்டுக்கு அட்டை எழுத வேண்டியிருக்கும்.